குருசடைத் தீவின் கணக்கு

தாவீது அரசர் தம் குடிகளை எண்ணிக் கணக்கெடுக்கக் கட்டளையிட்டதையும், அதனால் நாட்டின்மேல் வந்த கொள்ளைநோயையும் சாமுவேல் இரண்டாம் நூலின் இறுதி அதிகாரத்தில் வாசிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழாமல் போகாது. எண்ணுவதில் அப்படி என்ன குற்றம்? ‘எண்ணிக்கை’ என்றே பெயர் தாங்கிய நூல் ஒன்று திருவிவிலியத்தில் இருக்கிறது. நூறு ஆடுகளில் ஒன்று குறைந்ததை ஆயன் அறிந்ததும் எண்ணிப் பார்த்ததால்தானே? விளக்கவுரையாளர் பலர் தரும் விடை இது: தாவீது எண்ணச் சொன்னது வாளேந்தக்கூடிய ஆள்களை. தம் வலிமையின் அளவை அறிய அவர் எண்ணினார். காணாமற்போனதைத் தேடிச் செல்வதற்காக ஆயன் எண்ணினான்.

இவ்விருவகை எண்ணுதலும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்ந்த சிறு நிலம் ஒன்று நம் கடலிலேயே கிடக்கிறது. பாம்பன் தீவின் தென்மேற்கு முனையில் குந்துகால் என்றோர் இடம் உண்டு. மேலைநாட்டுப் பயணம் முடித்துத் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கரையிறங்கிய இடம் அது. அங்கு நின்று மன்னார் வளைகுடாவை நோக்கினால் நீர்மட்டத்துக்குச் சற்றே மேலெழுந்த பசுங்கோடாக ஒரு தீவு தெரியும். அதுவே குருசடைத் தீவு. பரப்பளவு சுமார் 66 எக்டேர். நம் உழவர் கணக்கில் சொன்னால் 160 ஏக்கருக்குச் சற்று மேல். உள்நாட்டுப் பண்ணையார் ஒருவரின் நிலம் அளவுதான். ஆயினும் இந்தியக் கடல் உயிரியலின் வரலாற்றை எழுதப் புகுவோர் இத்தீவைக் கடந்து போக இயலாது.

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கரைக்கு இணையாக மாலைபோல் கிடக்கும் 21 தீவுகளுள் இது ஒன்று. மண்டபத்தை ஒட்டியவை ஏழு, கீழக்கரையை ஒட்டியவை ஏழு, வேம்பாற்றுப் பகுதியில் மூன்று, தூத்துக்குடிப் பகுதியில் நான்கு எனப் பிரித்துச் சொல்வர். எல்லாமே இறந்த பவளத்தின்மேல் மணல் படிந்து உண்டானவை. பவளம் என்றதும் நகைக்கடைப் பவளத்தை எண்ணிவிடலாகாது. நம் கடலோர மக்கள் முருகைக்கல் என வழங்குவதே இது. ஊசித்தலை அளவே உள்ள எண்ணற்ற சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்துத் தம்மைச் சுற்றிக் கூடு கட்டுகின்றன. அவை மடிந்தபின் அக்கூட்டின்மேல் அடுத்த தலைமுறை கட்டுகிறது. இவ்வாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கட்டிய கோட்டையின்மேல் அலை மணலைச் சேர்க்க, பறவையும் நீரும் விதைகளைச் சேர்க்க, கண்டலும் உடைமரமும் தாழையும் வேரூன்றின. தீவைச் சுற்றிக் கடற்புல் வெளிகள். கடற்பசு மேய்வது இப்புல்லைத்தான். அதனை இக்கரை மக்கள் ஆவுளியா என்பர்.

தீவின் பெயர் நம் காதில் வேறொன்றாக விழுகிறது. போர்ச்சுக்கீசியரின் ‘குருஸ்’ என்னும் சொல் தமிழில் குருசு ஆயிற்று. ஊர் எல்லையிலும் கடற்கரையிலும் சிலுவை நாட்டிய இடம் குருசடி ஆயிற்று. கடலோரத்துக் கத்தோலிக்கர் எவரும் ‘குருசடை’ என்பதை முதலில் கேட்கும்போது குருசடி என்றே புரிந்துகொள்வர். குருசடித் தீவு என்று எழுதுவோரும் உளர். பெயர் இவ்வாறு ஒலிப்பதில் வியப்பில்லை. எதிர்க்கரையில் மண்டபத்தை அடுத்த வேதாளைதான் இயேசு சபையின் முதல் மறைசாட்சியாகப் போற்றப்படும் தந்தை அந்தோனியோ கிரிமினாலி 1549ஆம் ஆண்டு உயிர் நீத்த ஊர். இத்தாலியின் பார்மா நகரப் பகுதியில் பிறந்தவர். புனித சவேரியார் முத்துக்குளித்துறை மறைப்பணியின் பொறுப்பை ஒப்படைத்த இளைஞர். விசயநகரத்தின் படை வந்தபோது பெண்களையும் சிறுவரையும் படகேற்றுவதற்காகத் தாம் கரையிலேயே தங்கிவிட்டார் என்பர். படை ஏன் வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. வேதாளையில் இருந்த போர்ச்சுக்கீசியத் தளபதி அகழி வெட்டி வழியை மறித்து, இராமேசுவரம் செல்லும் இந்துத் திருப்பயணிகளிடம் சுங்கம் வாங்கினார். அதன் விளைவே அப்படையெடுப்பு. தந்தையின் தியாகம் அகழியைச் சொல்வதால் சிறுத்துவிடாது. சொல்லாமல் விட்டால் நம் வரலாறு சிறுத்துவிடும்.

தலையெண்ணிச் சுங்கம் வாங்கிய அந்தக் கண்தான் அடுத்த முந்நூறு ஆண்டுகளும் இக்கடலைப் பார்த்தது. போர்ச்சுக்கீசியர், பின் ஒல்லாந்தர், பின் ஆங்கிலேயர் என ஆண்டவர் மாறினும் அவர்கள் எண்ணியது சிப்பியையே. முத்துச்சிப்பிகள் படிந்திருக்கும் கடலடித் தட்டுகளைப் பார் என்பர். எந்தப் பாரில் எவ்வளவு சிப்பி, எத்தனை ஆண்டு முதிர்ச்சி, எத்தனை ஆள் இறங்கினால் எவ்வளவு வருவாய் என்பதே கணக்கு. முத்துக்குளிப்பு ஒழுங்கான வேளாண்மை அன்று. சில ஆண்டுகள் கொட்டும்; பின் பல ஆண்டுகள் சிப்பியே இராது. ஏன் இந்த ஏமாற்றம் என்று அறியத்தான் அரசுக்கு அறிவியல் தேவைப்பட்டது. 1902இல் வில்லியம் ஹெர்ட்மன் என்னும் பேராசிரியர் இலங்கைப் பார்களை ஆராய வந்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னல் இப்பகுதியிலேயே தங்கிவிட்டார். சிப்பியின் உடலுக்குள் புகும் ஒருவகை நாடாப்புழுவின் இளவுயிரைச் சுற்றியே நல்முத்து உண்டாகிறது என்று இருவரும் கருதினர். பின்வந்த ஆய்வுகள் அதனை ஏற்கவில்லை. ஆனால் சிப்பியின் வருவாயைத் தேடியவர்கள் சிப்பியைச் சுற்றியிருந்த உலகத்தைக் கண்டுகொண்டார்கள். நமக்கு முக்கியம் அதுவே.

ஹார்னல் பின்னர் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து அதன் இயக்குநரானார். சர் பிரெடரிக் நிக்கல்சன் 1907இல் தோற்றுவித்த துறை அது. நிக்கல்சன் விவரமறிந்த நிருவாகி. மீனவர் வாழ்வு உயராமல் மீன்வளம் உயராது என்று கருதியவர். ஹார்னல் சங்கைப்பற்றி 1914இல் ஒரு நூல் எழுதினார். 1920இல் இந்தியப் படகுகளின் வடிவங்களைப்பற்றி எழுதினார். இவ்விரண்டும் மேசையில் அமர்ந்து எழுதியவை அல்ல. சங்கு குளிப்போரிடமும் வத்தை கட்டும் தச்சரிடமும் கேட்டுக் கேட்டு எழுதியவை. வருவாய்க் கணக்கு எடுக்க வந்தவர் மெல்ல மெல்லத் தம் நோக்கத்தை மாற்றிக்கொண்டதன் சுவடு அவர் எழுத்தில் தெரிகிறது.

முழு மாற்றம் நிகழ்ந்தது 1920களில், குருசடைத் தீவில். சென்னை எழும்பூரில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அப்போது கண்காணிப்பாளராக இருந்தவர் பிரெடரிக் ஹென்றி கிரேவ்லி. 1920 முதல் 1940 வரை அப்பொறுப்பில் இருந்தார். தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளைப்பற்றி அவர் டி. என். இராமச்சந்திரனுடன் சேர்ந்து 1932இல் வெளியிட்ட நூலைச் சிற்பம் பயில்வோர் இன்றும் புரட்டுகின்றனர். ஆனால் அவர் அடிப்படையில் விலங்கியலார். தம் குழுவினரோடு குருசடைக்கு வந்து கரையோரத்து உயிர்களைச் சேகரித்தார். நீர் வற்றும் நேரம் பார்த்துத் தட்டுப்பாறையில் நடப்பது, கல்லைப் புரட்டி அடியில் ஒட்டியிருப்பதைக் காண்பது, மணலை அள்ளிச் சலிப்பது, எடுத்ததைச் சாராயத்தில் இட்டுச் சீட்டு ஒட்டுவது என்ற வேலை. அரசனின் கருவூலத்துக்கு ஒரு காசும் தராத வேலை. கடற்பஞ்சு, கடற்சாமந்தி, நட்சத்திர மீன், கடல் அட்டை, முள்ளெலிபோன்ற கடல் முள்ளி, பாசி என ஒவ்வொன்றுக்கும் அதனதன் அறிஞரிடம் கொடுத்து ஆராய்ந்து, ‘மன்னார் வளைகுடாக் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் 1927இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது. தாவரங்களைப்பற்றிய பகுதியை எழுதியவர் நம் நாட்டுப் பாசியியலின் முன்னோடியாகிய எம். ஓ. பி. ஐயங்கார். பணி அத்துடன் முடியவில்லை. எஸ். டி. சத்தியமூர்த்தி அதே தீவின் சிப்பி, சங்கு இனங்களை ஆராய்ந்து 1952லும் 1956லும் இரு பகுதிகள் வெளியிட்டார். இடையே ஓர் உலகப் போர் வந்து போனது. ஆண்டவர்களின் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. தீவின் கணக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

பங்குத்தந்தையாகிய நமக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. திருமுழுக்குப் பதிவேட்டைப் புரட்டிப் பழகிய கைகள் நம்முடையவை. நூறாண்டுக்கு முந்திய ஏட்டில் ஒரு கூலியாளின் குழந்தையும் ஊர்த்தலைவரின் குழந்தையும் ஒரே மையில், ஒரே அளவு வரியில் எழுதப்பட்டிருக்கும். எழுதியவர் அதனால் ஒன்றும் பெறவில்லை. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் அக்குழந்தை பிறந்ததற்கே சான்றில்லை. குருசடையின் 1927ஆம் ஆண்டு வெளியீடும் அத்தகைய பதிவேடுதான். முத்து தரும் சிப்பிக்கு ஒரு பக்கம், ஒன்றும் தராத புழுவுக்கும் ஒரு பக்கம்.

அப்புழுக்களுள் ஒன்று குருசடையின் புகழை நாடெங்கும் பரப்பியது. பெலனோகிளாசஸ் என்று கல்லூரிப் பாடநூல்கள் பொதுவாகச் சொல்லும் இனத்தைச் சார்ந்தது. இங்குள்ளதன் பெயர் டைக்கோடெரா பிளேவா. மணலுக்குள் வளை தோண்டி வாழும் மென்மையான உடல். முன்னே துருத்திபோன்ற தும்பி, அடுத்துக் கழுத்துப்பட்டை, பின் நீண்ட உடல். தொட்டால் அறுந்துவிடும், மருத்துவமனையில் புண்ணுக்கு இடும் அயடோபார்ம்போல ஒரு நெடி அடிக்கும். பார்வைக்கு ஒன்றுமில்லாத இவ்வுயிருக்கு மீனுக்கு உள்ளதுபோல் செவுள் பிளவுகள் இருக்கின்றன. முதுகெலும்பில்லாதவற்றுக்கும் முதுகெலும்புள்ளவற்றுக்கும் உள்ள தொலைவான உறவை விளக்க விலங்கியலார் இதனைக் காட்டுவர். சென்னை மாகாணத்துக் கல்லூரிகளிலிருந்து விலங்கியல் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகக் குருசடைக்குச் சென்று இப்புழுவைக் கண்டு வந்தனர். நம் மறைமாவட்டப் பள்ளிகளில் அறிவியல் கற்பித்த மூத்த ஆசிரியர்கள் சிலரிடம் கேட்டுப் பாருங்கள். மண்டபம் வரை இரயில், பின்பு படகு, முழங்கால் அளவு நீரில் நடை என்று கண்கள் மலரச் சொல்வர். படிவளர்ச்சிக் கொள்கை நம்பிக்கைக்குப் பகை என்று எண்ணும் நல்லவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். தொடக்கநூலின் ஆசிரியர் ஐந்தாம் நாளில் நீர்வாழ் உயிர்களைத் திரள்திரளாகத் தோன்றச் செய்கிறாரே தவிர, எவ்வழியே தோன்றின என்று பாடம் நடத்தவில்லை. மணலுக்குள் கிடக்கும் அப்புழுவும் நம் சுற்றத்தார்தாம் என்பதில் நாம் நாண வேண்டியதில்லை.

இந்தப் பதிவேட்டில் ஒரு வெற்றிடம் உண்டு. புதிதாக ஓர் உயிரினத்துக்கு அறிவியல் பெயர் இடும்போது, பெயரின் இறுதியில் அதனை விவரித்தவரின் பெயரும் ஆண்டும் ஒட்டிக்கொள்ளும். அது உலக வழக்கம், நல்ல வழக்கமும்கூட. ஆனால் மூச்சை அடக்கிக் கீழே போய் அதை எடுத்துவந்து படகில் போட்டவரின் பெயருக்கு அவ்வழக்கத்தில் இடமில்லை. முத்துக்குளித்துறையின் பரதவரும், கீழக்கரை, வேதாளைப் பகுதிகளின் இசுலாமியச் சங்கு குளிப்போரும், கல்லும் சிப்பியும் அறிந்த இராமேசுவரக் கடையரும் இல்லாமல் அக்காலத்தில் இக்கடலின் அடியைப் பார்க்க வழியே இல்லை. காற்றுக் குடுவையைச் சுமந்து மூழ்கும் முறை அதன்பின் வந்தது. எந்த நீவாட்டில் நீர் தெளியும், எந்தக் காற்றில் கலங்கும், எந்தக் கல்லுக்குக் கீழே எது ஒதுங்கும் என்பது அவர்கள் தந்தையரிடம் கற்ற கல்வி. ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிட்டதைத் தொடக்கநூல் சொல்கிறது. இக்கடலில் ஆதாமின் வேலையை முதலில் செய்தவர்கள் இவர்களே. ஆவுளியா என்ற பெயரும், கட்டக்கோரை என்ற பெயரும், மரிக்கொழுந்துப் பாசி என்ற பெயரும் எந்த வெளியீட்டுக்காகவும் காத்திருக்கவில்லை.

முத்துக் கனவும் முற்றாகக் கலையவில்லை. 1933இல் குருசடையில் அரசு முத்துச்சிப்பிப் பண்ணை அமைத்தது. தேவநேசன், சிதம்பரம் என்னும் இரு அறிஞர்கள் அங்கு கண்டறிந்தவற்றைப் பின்னர் 1956இல் வெளியிட்டனர். சிப்பி எவ்வளவு விரைவில் வளர்கிறது, எப்போது இனம் பெருக்குகிறது என்ற அடிப்படை அறிவு அங்கிருந்து கிடைத்தது. முத்து மட்டும் வரவில்லை. அது 1973இல் தூத்துக்குடியில்தான் வந்தது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சுவாமி இந்தியாவில் முதன்முதலாக வளர்ப்பு முத்தை உருவாக்கினார். அதற்குள் இயற்கை முத்துக்குளிப்போ நின்றுபோயிற்று; 1955 முதல் 1961 வரை நடந்ததே தூத்துக்குடிப் பக்கத்தின் கடைசித் தொடர்.

அந்நிறுவனம் 1947இல் தோன்றி, 1949இல் மண்டபம் முகாமுக்கு வந்து, 1971இல் தலைமையிடத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்டது. ‘முகாம்’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம் மக்களைத் தடுத்து நிறுத்தி, நோய் பார்த்து, எண்ணி அனுப்பிய இடம் அது. 1980களிலிருந்து போருக்கு அஞ்சி மறுதிசையில் வந்த ஈழத் தமிழரை எண்ணிப் பதிந்த இடமும் அதுவே. ஒருபுறம் பவளத்தையும் மீனையும் எண்ணும் ஆய்வுக்கூடம். அதன் பக்கத்திலேயே மனிதத் தலைகளை எண்ணும் கொட்டகை. இவ்விரு கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் மண்டபத்தில் எத்தனை பேரோ!

குருசடையைப்பற்றிப் பேசும் எவரும் தவறாமல் சொல்லும் தொடர் ஒன்று உண்டு: உயிரியலாரின் சொர்க்கம். குருமடத்தில் விவிலிய மொழிகளைச் சிறிதேனும் பயின்றவர் இச்சொல்லைக் கேட்டதும் நின்றுவிடுவர். ஆங்கிலத்தில் ‘பாரடைஸ்’, கிரேக்கத்தில் ‘பாரதெய்சோஸ்’; மூலம் பழம் பாரசீகம். அங்கு அதன் பொருள் சுவர் எழுப்பி வளைத்த தோட்டம் என்பதே. 1986இல் குருசடை அச்சொற்பொருளின்படியும் சொர்க்கமாயிற்று. தமிழக அரசு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 21 தீவுகளையும் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் கொண்ட மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகம் உருவாயிற்று. 3,600க்கு மேற்பட்ட உயிரினங்கள் இங்கு உண்டென்று அப்போது சொல்லப்பட்ட எண்ணின் அடித்தளத்தில் குருசடையின் பழைய பதிவேடும் இருக்கிறது.

வேலி தேவையற்றது என்று நாம் சொல்லமாட்டோம். தேவை எவ்வளவு கடுமையானது என்பதைத் தீவுகளே சொல்கின்றன. நூல்களில் இன்றும் தீவுகள் 21. கடலில் கண்ணுக்குத் தெரிபவை 19. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. சுண்ணாம்புக் காளவாய்க்கும் ஆலைகளுக்கும் வீட்டு அடித்தளத்துக்கும் பல்லாண்டுகளாகப் பவளக்கல்லை வெட்டி எடுத்தோம். பவளத்திட்டு அலையின் வேகத்தை உடைத்துத் தருவதால்தான் அதன் பின்னால் மணல் தங்குகிறது. திட்டு போனால் மணல் போகும். மணல் போனால் தீவு போகும். கடலோரத்துப் பழைய கோவில்கள் சிலவற்றின் சுவரைச் சுரண்டினால் உள்ளே இருப்பதும் இதே கல்தான். நம் முன்னோர் அறியாமல் செய்தது. 2001இல் எல்லாப் பாறைப் பவளங்களும் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உள்ள அதே காப்பு.

சட்டத்துக்கு அஞ்சாத பகைவன் வெப்பம். பவளவுயிரின் உடலுக்குள் நுண்பாசி ஒன்று குடியிருந்து ஒளியைக் கொண்டு உணவு சமைத்துத் தருகிறது, நிறமும் அதனுடையதே. கோடையில் நீரின் வெப்பம் 30 பாகை செல்சியசைக் கடந்து வாரக்கணக்கில் தங்கினால் இந்தக் கூட்டுக்குடித்தனம் முறிகிறது. பாசி வெளியேற, பவளம் வெளுத்து, பட்டினி கிடக்கிறது. வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும், இல்லையேல் சாகும். 1998, 2010, 2016 ஆண்டுகளில் மன்னார் வளைகுடா பெரிதும் வெளுத்தது. இப்பேரிழப்பை நாம் எண்ணில் அறிவது எப்படி? தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் தீவு தீவாக மூழ்கிக் கணக்கெடுத்தனர். 2016க்கு முன் கடலடியில் நூற்றுக்கு ஏறக்குறைய 39 பங்கு உயிர்ப்பவளம் மூடியிருந்தது. அவ்வாண்டின் வெளுப்புக்குப் பின் சுமார் 23 ஆகக் குறைந்தது. நூறில் ஒன்று காணாததற்கே ஆயன் மலையேறிப் போனான்.

குருசடைக்கு வேறொரு விருந்தாளியும் வந்தது. கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி பிலிப்பைன்சு பகுதிக்கு உரியது. பனிக்கூழிலும் பற்பசையிலும் குழைவு தரச் சேர்க்கும் பொருள் அதிலிருந்து கிடைக்கிறது. 1990களில் மண்டபத்தில் ஆய்வு நிலையில் வளர்க்கப்பட்டு, பின் பாக்கு நீரிணைப் பக்கத்தில் மூங்கில் மிதவைகளில் பரவிற்று. பல குடும்பங்கள், சிறப்பாகப் பெண்கள் குழுக்கள், அதனால் ஒரு வேளை உணவைக் கூடுதலாக உண்டன என்பது உண்மை. 2008இல் அதே பாசி குருசடையின் உயிருள்ள பவளத்தின்மேல் போர்வைபோல் படர்ந்து மூச்சடைக்கச் செய்வதை ஆய்வாளர்கள் கண்டு எழுதினர். மிதவையிலிருந்து அறுந்த துண்டு ஒன்றே முழுச் செடியாகும் தன்மை அதற்கு உண்டு. ஒழுங்காக வளர்த்தால் கேடில்லை என்பாரும் உளர். ஏழைக்கு உணவும் தீவுக்கு உயிரும் மோதும் இடத்தில், எதையும் இழக்காத தொலைவில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது எளிது. கரையில் குடியிருப்போரைக் கேளாமல் கொண்டுவரப்பட்ட திட்டமும் சரி, அவர்களைக் கேளாமல் போடப்பட்ட வேலியும் சரி, ஒரே பிழையின் இரு முகங்கள் என்று மட்டும் சொல்வோம்.

1986இல் எக்டேரும் இனமும் எண்ணப்பட்டன, எண்ணப்படாதவர் உண்டு. குருசடைக்கு எதிரே பாம்பன் கரையில் இருக்கும் சின்னப்பாலத்துப் பெண்கள் தீவுகளைச் சுற்றிய நீரில் இயற்கைப் பாசி பறிப்பவர்கள். 1960களில் ஆலைகள் கேட்கத் தொடங்கியபின் இது பெருந்தொழிலாயிற்று. ஆடவர் சட்டையைச் சேலைமேல் அணிந்து, கல் கீறாதிருக்க விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி இறங்குகின்றனர். மரிக்கொழுந்துப் பாசி ஒருவகைக் களிப்பொருளுக்கு, கட்டக்கோரை வேறொன்றுக்கு. பூங்கா அறிவிக்கப்பட்டதும், குறிப்பாக 2000க்குப் பின் காவல் இறுகியதும், பாட்டி பறித்த இடத்தில் பேத்தி அத்துமீறியவள் ஆனாள். பாசிச் சாக்கு பறிபோனதையும் தண்டம் கட்டியதையும் அவர்கள் சொல்லக் கேட்டால் கல்லும் கரையும். மறுபுறம், அளவின்றி இரும்புச் சுரண்டியால் வழித்தெடுத்தால் பாசியோடு பவளமும் பெயர்ந்துவரும் என்ற காவலரின் அச்சமும் பொய்யன்று.

அப்பெண்கள் செய்தது என்ன? தாங்களே கூடிக் கணக்கொன்றை வகுத்தனர். மாதம் முழுவதும் கடலில் இறங்குவதில்லை. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆகப் பன்னிரண்டே நாள். இரும்புக் கருவி கூடாது, கையால் மட்டுமே. வேர் போன்ற அடியை விட்டுப் பறிக்க வேண்டும். கோடையில் சில வாரங்கள் முழு ஓய்வு. பாசி தழைக்கும் காலம். இந்த ஒழுங்கை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவரான சின்னப்பாலத்து லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தீவுகளின் பாதுகாப்புக்கான சீகாலஜி பரிசு வழங்கப்பட்டது. பவளப் பாறைகளைப்பற்றிய கவலையைத் திருத்தந்தை பிரான்சிஸ் தம் சுற்றுமடலில் எழுதியதும் அதே ஆண்டுதான்.

பரிசு கிடைத்ததால் தேசியப் பூங்காவின் எல்லை நகர்ந்துவிடவில்லை. மீனவப் பெண்கள் என்னும் பெயரில் தங்களுக்குத் தொழில் அடையாள அட்டை வேண்டும், பறிக்கும் நாள்களுக்கு முறையான இசைவு வேண்டும் என்பது அவர்கள் நெடுங்காலமாக எழுப்பிவரும் வேண்டுகோள். மண்டபம், பாம்பன் பகுதிப் பங்குகளில் பணியாற்றுவோரும், அவ்வழியே திருப்பயணம் செல்லும் நம் குடும்பங்களும், பாம்பன் பாலத்தில் இரயில் ஏறும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் பார்த்துப் படம் எடுப்பது உண்டு. வற்று நேரமாயிருந்து, அமாவாசையோ பௌர்ணமியோ அருகில் இருக்குமானால், தெற்கே தீவுகளின் பக்கம் சிறு வத்தைகள் நிற்பதைக் காணலாம். நீரில் தலைகள் மேலெழும், மறையும், மீண்டும் எழும். வத்தையில் இருப்பவள் அத்தலைகளை எண்ணிக்கொண்டிருப்பாள்.